வடக்கு மாவட்டத்து விரல்கள்

திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு ஆராயி அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். லவாந்தா தீவின் புழுக்கத்துக்கு இந்தியத் தூதரகத்தில் கதவைச் சாத்துகிற ஆளே கிடையாது. அவள் சாத்தியதுமே, தேர்தல் மை விவகாரத்தைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி ஆவுடையப்பன் கையிலிருந்த ஃபைலை மூடி வைத்தான்.

"சார், ஒங்க மஞ்சப் பொட்டி எங்க ஊருல இருக்கு," என்றாள்.

"எந்த மஞ்சப் பெட்டி?"

"வெரலுக்குப் பக்கத்துல கொண்டுபோனா கீச்சுனு கத்துமே, அது. நேத்துலேர்ந்து போலீசு அதத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போவுது. கத்துச்சுன்னா, நான் ஓட்டே போடலன்னு ஒரு தாள்ல கையெழுத்து வாங்கறாங்க. அப்பறம் அந்த வெரல் நகத்தப் புடுங்கறாங்க. கையெழுத்துப் போடாதவங்கள லாரில ஏத்தறாங்க."

ஆராயி தூதரகத்தின் மொழிபெயர்ப்பாளர். ஐந்து தலைமுறைக்கு முன்னால் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர்களின் பேத்திக்குப் பேத்தி. பெற்றோர் காலமான பிறகு தம்பி தியோவை வளர்த்து, படிக்க வைத்து, வடக்கு மாவட்டத்தில் ரூவான் என்ற ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராக்கியவள் அவள்தான். ஒன்பது நாள் முன்பு நடந்த தேர்தலில் அந்தத் தம்பிதான் ரூவான் சாவடியில் உட்கார்ந்து தொள்ளாயிரம் பேருக்கு விரலில் மை வைத்தான். ஆராயியும் லீவு போட்டு ஊருக்குப் போய் அவன் கையாலேயே மை வைத்துக்கொண்டு வந்தாள்.

மையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. பத்தொன்பது வருஷமாக லவாந்தாவை ஆள்பவர் மார்ஷல் தெவ்ரோ. ஒன்பது வருஷம் முன்பு ஒரு தேர்தல் நடத்தினார். மறுநாள் அவருடைய ஆட்கள் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, நீல மை இருந்த விரலையெல்லாம் ஒடித்தார்கள். இந்தத் தடவை பக்கத்து நாடுகள் நெருக்கியதால் மறுபடி ஒரு தேர்தல் நடத்த ஒப்புக்கொண்டு இந்தியாவிடம் மை கேட்டார். மை கொடுப்பதில் நாம் கர்ணன் பரம்பரை. ஆனால் டெல்லி இந்தத் தடவை பழைய மையை அனுப்பவில்லை. புது மை ஒரு மணி நேரத்தில் நிறமில்லாமல் காய்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. நகத்தில் ஊறிவிடும், இருபது நாள் எதைப் போட்டுக் கழுவினாலும் போகாது, நகத்தோடு பிடுங்கினால்தான் உண்டு. செல்போன் கோபுரம் கூப்பிட்டால் மட்டும் அந்த விரல் "இங்கே ஒன்று" என்று பதில் சொல்லும். யார் என்று சொல்லாது, எந்த மாவட்டத்துப் புட்டி என்பதையும் எண்ணிக்கையையும் மட்டும் சொல்லும். பந்தியில் இலையை எண்ணுவது மாதிரிதான், சாப்பிட்டவன் பேர் எதற்கு? அந்த எண்ணிக்கை தூதரகத்தில் ஆவுடையப்பன் மேசையிலிருந்த திரைக்கு வந்துகொண்டே இருக்கும்.

இதெல்லாம் பன்னிரண்டு பக்க ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தது. மார்ஷலின் ஆட்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். நம் ஊரில் மட்டும்தான் அந்தப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம்.

தேர்தல் முடிந்தது. வடக்கு மாவட்டத்தில் பதினெட்டாயிரம் பேர்தான் ஓட்டுப் போட்டார்கள், ஆகவே மார்ஷலுக்கே வெற்றி என்று அரசாங்கம் அறிவித்தது. திரையில் வடக்கு மாவட்டத்து விரல்கள் இரண்டு லட்சத்து அறுபதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. மீதி ஓட்டெல்லாம் மார்ஷலுக்கு எதிரான ஓட்டு, ஓட்டுப் பெட்டியோடு காணாமல் போயிருந்தது. ஓட்டைத் தொலைத்துவிட்டார்கள், விரலை எப்படித் தொலைப்பார்கள் என்று ஆவுடையப்பன் அன்றைக்கு மனதுக்குள் சிரித்தான்.

இப்போது அந்த மஞ்சள் பெட்டி.

அது அவன் கொடுத்ததுதான். மை வேலை செய்கிறது என்று ஜனங்களுக்குக் காட்ட முப்பது சோதனைக் கருவிகள் வந்திருந்தன. மூன்று கஜ தூரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாலும், மை வைத்த விரலைக் கண்டுபிடித்துக் கத்தும். தேர்தல் முடிந்ததும் அவற்றை உடைத்துப் போட்டிருக்கலாம், கடலில் வீசியிருக்கலாம். ஆவுடையப்பன் என்ன செய்தான்? ஒப்படைப்புப் பட்டியலில் முப்பது என்று இருந்தது. முப்பதும் கணக்கில் வராவிட்டால் இரண்டு வருஷம் கழித்து ஆடிட்காரன் கேள்வி கேட்பான். ஆகவே மூன்று நகல் எடுத்து, பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, முப்பதையும் லவாந்தா தேர்தல் ஆணையத்திடம் ஒப்படைத்து ரசீது வாங்கி ஃபைலில் கோத்து வைத்தான். ஆணையத்தின் தலைவர் மார்ஷலின் மைத்துனர். அது ஆவுடையப்பனுக்குத் தெரியாததல்ல. பதினேழு வருஷ உத்தியோகத்தில் அவனுக்கு மார்ஷலைவிட ஆடிட்தான் பெரிய பயம்.

பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு திரையைப் பார்த்தான். இரண்டு லட்சத்து ஐம்பத்தொன்பதாயிரத்து எண்ணூற்று எழுபது. ஐந்நூற்று நாற்பத்திரண்டு குறைந்திருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் இரண்டு குறைந்தது.

"அணைச்சிடுங்க சார்," என்றாள் ஆராயி. "தூங்க வைக்கற சாவி இருக்குன்னு நீங்கதான சொன்னீங்க."

இருந்தது. ஆபத்து வந்தால் இருக்கட்டும் என்று மையைச் செய்தவர்கள் வைத்த ஏற்பாடு. சாவியைத் திருப்பி ஒரு பொத்தானை அழுத்தினால் தீவிலிருக்கும் அத்தனை மையும் ஊமையாகிவிடும். அப்புறம் எந்தப் பெட்டி வந்தாலும் கத்தாது. பிறகு அதை எழுப்பவும் முடியாது.

"தூதரைப் பாத்துட்டு வந்திருதேன்," என்று எழுந்தான்.

தூதர் நாச்சிமுத்து பொள்ளாச்சிக்காரர். ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே டெல்லியிலிருந்து வந்த தாளை நீட்டினார்.

"மூணு வரிதானுங்க. மையைத் தொடாதே. வியாழக்கிழமை பத்து மணி வரைக்கும் தொடாதே. தொட்டா நீயே பொறுப்பு."

"ஐயா, அங்க நகத்தைப் பிடுங்குதாங்க."

"தெரியுமுங்க. காலைல வெளியுறவு மந்திரியப் பாத்து நம்ம கவலையத் தெரிவிச்சேன். காப்பி குடுத்தாரு. நல்ல காப்பி." அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஆவுடையப்பன், ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு ஜனநாயகத்த எடுத்துக் குடுக்க முடியாதுங்க. ஓட்டுப் பொட்டி குடுக்கலாம், மை குடுக்கலாம், சொல்லிக் குடுக்கலாம். கடைசில சாட்சி நிக்கலாம். இப்ப நம்ம கையில மிச்சம் இருக்கறது அந்தச் சாட்சி ஒண்ணுதான். வியாழக்கிழமை பதினோரு நாட்டு ஆணையம் அவங்க கருவியோட வருது. அவங்களே எண்ணி, அவங்க வாயால ரெண்டரை லட்சம்னு சொன்னாங்கன்னா ஒருத்தரும் மார்ஷல அங்கீகரிக்க மாட்டாங்க. பட்டாளமும் அந்தாளு பக்கம் நிக்கறதுக்கு யோசிக்கும். நாம நம்பரச் சொன்னா, இந்தியாக்காரன் கம்ப்யூட்டர்ல வெளையாடறான்னு ஒரே பேச்சுல முடிச்சிருவாரு."

"வியாழக்கிழமைக்குள்ள எத்தனை நகம் போவும் ஐயா?"

நாச்சிமுத்து கைக்குட்டையை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"மையத் தூங்க வெச்சா நகம் பொழைக்கும். ஆனா மார்ஷல் இன்னொரு பத்தொம்பது வருசம் இருப்பாரு. அதுல எத்தனை நகம்னு எனக்குக் கணக்குப் போடத் தெரியலீங்க," என்றார் கடைசியில். "சாவி உங்ககிட்டத்தான் இருக்குது. நானும் எதும் கேக்கல, நீங்களும் எதும் சொல்லல. போயிட்டு வாங்க."

ஆவுடையப்பனுக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. பெரிய மனுஷர் என்றால் இப்படித்தான், பாம்பும் சாகக்கூடாது, கம்பும் ஒடியக்கூடாது. ஆனால் அறைக்குத் திரும்பும் வழியிலேயே அந்தக் கோபம் தன்மேல் திரும்பிவிட்டது. முப்பது பெட்டியை ஒப்படைத்தவன் அவரில்லையே.

சாவியை எடுத்துத் திருப்பினான். பொத்தானுக்குமேல் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆராயி நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்.

"தம்பிக்கு ஒரு வார்த்தை சொல்லிடறேன் சார். பயந்துகிட்டு இருப்பான்."

அவளும் தம்பியும் தொலைபேசியில் தமிழில்தான் பேசுவார்கள். ஒட்டுக் கேட்கிற போலீசுக்குத் தமிழ் தெரியாது. அவள் போனை மேசைமேல் வைத்து சத்தமாகப் போட்டாள்.

"தியோ, இன்னும் அஞ்சு நிமிசத்துல மையத் தூங்க வெச்சிருவாங்கடா. அப்பறம் பொட்டி கத்தாது. பயப்படாத."

எதிர்முனையில் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"யாரக் கேட்டுத் தூங்க வைக்கறாங்க?" என்றான் தியோ.

"ஒங்களக் காப்பாத்தத்தாண்டா."

"மார்சலும் அதயேதான் சொல்றாரு. பத்தொம்போது வருசமா எங்களக் காப்பாத்திக்கிட்டேதான் இருக்காரு."

"டேய், வெளையாடற நேரமா இது?"

"வெளையாடல அக்கா. அந்த சார்கிட்டச் சொல்லு. அன்னிக்கு வெரல நீட்டுங்கன்னு கேட்டாங்க, நாங்களா நீட்டுனோம். என்ன ஆவும்னு தெரிஞ்சேதான் நீட்டுனோம். இப்ப அழிக்கணும்னா மறுபடி எங்களக் கேக்கச் சொல்லு. கேக்காம அழிச்சா, ஓட்ட மார்சல் திருடுனாரு, வெரல நீங்க திருடுனீங்கன்னு ஆயிரும்."

அவன் வைத்துவிட்டான்.

"அவன் சின்னப் பையன் சார்," ஆராயியின் குரல் உடைந்தது. "வகுப்புல பாடம் எடுக்கற மாதிரிப் பேசறான். இருவத்தாறு வயசுல எல்லாரும் அப்படித்தான் பேசுவாங்க. நீங்க அழுத்துங்க."

ஆவுடையப்பன் விரலைப் பொத்தானில் வைத்தான். அழுத்த முடியவில்லை. அந்தப் பயல் சொன்னது சுருக்கென்று தைத்துவிட்டது. ஜனநாயகத்துக்குத் துணை நிற்கிறோம் என்று கடல் தாண்டி வந்து, ஒரு கேள்விகூடக் கேட்காமல் இரண்டரை லட்சம் பேருக்கு இவனே முடிவெடுப்பானாம். ஆனால் கேட்பது எப்படி? ரேடியோவில் அறிவிக்கவா முடியும்?

மையோடு வந்த கையேட்டில் ஒரு எச்சரிக்கை இருந்தது. வெள்ளித்தாளை மூன்று சுற்றுச் சுற்றினால் விரலின் பதில் கோபுரத்துக்கு எட்டாது. நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டு திரிந்தால் போலீஸ் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடும். ஐந்து நிமிஷம் என்றால் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்ளலாம்.

"புதன்கிழமை மத்தியானம், கோவில் மணி பன்னெண்டு அடிக்கும்போது," என்றான் மெதுவாக, சாவியைப் பழையபடி திருப்பிக்கொண்டே. "மை முழிச்சே இருக்கட்டும்னு நினைக்கிறவங்க அஞ்சு நிமிஷம் வெள்ளித்தாள் சுத்திக்கிடணும். சிகரெட் பாக்கெட்ல இருக்குமே, அது போதும். தூங்கட்டும்னு நினைக்கிறவங்க சும்மா இருந்தாப் போதும். சேதி தெரியாதவங்களையும் தூங்கச் சொன்ன கணக்குல சேத்துக்கிடுவோம். பாதிக்கு மேல விரல் மறைஞ்சாத்தான் மை முழிச்சிருக்கும். இல்லைன்னா பன்னெண்டு அஞ்சுக்கு நானே அழுத்திருதேன்."

ஆராயி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். இரண்டு நாளில், வாய்வழியாக, ஒரு மாவட்டம் முழுக்கச் சேதி போய், அதில் பாதிப் பேர் துணிந்து சுற்றுவதாவது. நடக்கிற காரியமா? நடக்காது என்பதற்காகத்தான் அவன் அப்படி ஒரு விதி வைத்தான். அது அவளுக்கும் புரிந்தது. கேட்ட மாதிரியும் ஆயிற்று, தம்பியும் பிழைத்தான்.

"மீன் லாரி நாளைக்கு விடியக்காலைல வடக்கப் போவும்," என்றாள். "ஓட்டறவங்க பொண்டாட்டிங்க எல்லாரயும் எனக்குத் தெரியும். பிரசவம் பாக்கற நர்சுங்க இருக்காங்க. கோவில்ல பூசை முடிஞ்சு வர்ற பொம்பளைங்க இருக்காங்க."

"ஆராயி," அவன் தயங்கினான். "சேதியை நீங்க..."

"கொறச்சுச் சொல்லுவேனோன்னு பயமா இருக்கா?" என்றாள். "நான் மொழிபெயர்க்கறவ சார். எனக்குப் புடிக்காத பேச்ச எவ்வளவோ பேசியிருக்கேன். ஒரு வார்த்தையக் கொறச்சதில்ல."

செவ்வாய்க்கிழமை முழுக்க ஆவுடையப்பன் திரையின் முன்னாலேயே கிடந்தான். மத்தியானம் வந்த சாப்பாடு அப்படியே திரும்பிப் போனது. எண்ணூறு குறைந்தது. மாலைக்குள் இன்னும் அறுநூறு. ஒவ்வொரு எண்ணும் ஒரு நகம், அல்லது கோபுரம் எட்டாத இடத்துக்கு லாரியில் போன ஒரு ஆள். ஒரு தடவை ஒரே நிமிஷத்தில் நாற்பது குறைந்தது. அந்த ஊர் எது என்று வரைபடத்தில் தேடி, வேண்டாமென்று மூடி வைத்தான். தூதர் இரண்டு முறை வாசல் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்.

புதன்கிழமை காலை வடக்கு மாவட்டத்தில் இரண்டு லட்சத்து ஐம்பத்தெட்டாயிரத்து ஆறு விரல்கள் இருந்தன. அதில் பாதி ஒரு லட்சத்து இருபத்தொன்பதாயிரத்து மூன்று. அந்த எண்ணை ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டினான்.

பதினோரு மணிக்கு ஆராயி தம்பியைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. வகுப்பில் இருப்பான் என்றாள். பதினொன்றே காலுக்குக் கூப்பிட்டாள். பதினொன்றரைக்குக் கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்துக்கே கூப்பிட்டபோது யாரோ எடுத்து, ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டார்கள்.

"ஒண்ணும் இருக்காது ஆராயி," என்றான் ஆவுடையப்பன். இருக்கும் என்று இருவருக்கும் தெரிந்தது.

"இன்னும் அரை மணி நேரந்தான சார். மை தூங்கிருச்சுன்னா, பொட்டில ஒண்ணும் தெரியலன்னு புடிச்சவங்களயும் விட்ருவாங்க. பொட்டி கத்தாத ஆள வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறாங்க?"

அவள் இடது கையை மேசைமேல் விரித்து வைத்தாள். அவளும் வடக்கு மாவட்டத்தில் ஓட்டுப் போட்டவள்தான், திரையிலிருந்த எண்ணில் அவள் விரலும் ஒன்று. பக்கத்தில் வெள்ளித்தாள் கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை.

பன்னிரண்டு அடித்தது.

முதல் நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு லட்சத்து ஐம்பத்தேழாயிரத்துச் சொச்சத்தில் எண் அப்படியே நின்றது. ஆவுடையப்பன் மூச்சை விட்டான். சேதி போய்ச் சேரவில்லை. நல்லதாயிற்று, சாமி காப்பாற்றினார் என்று நினைத்தான். நினைத்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

அப்புறம் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் என்று காட்டியது. ஏதோ கோளாறு என்று நினைத்து எழுந்து நின்றான். இரண்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். ஒரு லட்சத்து எண்பதாயிரம். எண்கள் படிக்க முடியாத வேகத்தில் சரிந்தன. எங்கேயோ வயலில், மீன் சந்தையில், ஆஸ்பத்திரி வராந்தாவில், போலீஸ்காரன் நிற்கிற தெருவில், ஜனங்கள் பைக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு லட்சத்து முப்பத்தோராயிரத்தில் கொஞ்சம் தயங்கியது. ஆராயி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "போதும், போதும்," என்று முணுமுணுத்தாள். எண் அதையும் தாண்டி இறங்கியது. ஒட்டியிருந்த தாளை ஆவுடையப்பன் திரும்பத் திரும்பப் பார்த்தான்.

பன்னிரண்டு நாலுக்கு எண்பத்து நாலாயிரத்து ஐந்நூற்றுப் பதினேழில் வந்து நின்றது.

பன்னிரண்டு ஐந்துக்கு வெள்ளித்தாள்கள் கழன்றன. எண் மடமடவென்று ஏறி மறுபடி இரண்டு லட்சத்து ஐம்பத்தேழாயிரத்தைத் தொட்டது.

ஆராயி போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் ஆவுடையப்பனுக்குள் ஏதோ அறுந்தது. நாசமாய்ப் போகட்டும் இந்தக் கணக்கு என்று அவன் சாவியைத் திருப்பினான். சிவப்பு விளக்கு எரிந்தது.

"யாருக்கும் தெரியப் போறதில்ல ஆராயி. கோளாறுன்னு எழுதிருதேன். டெல்லிக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன். உங்க தம்பி முக்கியம். அந்த எண்பத்து நாலாயிரம் பேரு முக்கியம்."

அவன் விரல் பொத்தானைத் தொட்டது. ஆராயி சட்டென்று அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் அவள் நகம் அவன் தோலில் பதிந்தது.

"எடுங்க சார் கைய."

"ஆராயி..."

"அந்த எம்பத்து நாலாயிரத்துல நானும் ஒருத்தி. தூங்கட்டும்னுதான் சொன்னேன். எந்தம்பிக்காகத்தான் சொன்னேன். அவங்க வேணாம்னுட்டாங்க." அவள் கண்ணிலிருந்து நீர் கொட்டியது, துடைத்துக்கொள்ளவில்லை. "நான் தோத்துட்டேன் சார்."

பத்தொன்பது வருஷத்தில் லவாந்தா தீவில் யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. அதைச் சொல்ல வேண்டிய மனுஷர் இரண்டு தெரு தள்ளி மாளிகையில் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். சொன்னவள் மொழிபெயர்ப்பாளர். கேட்டவன் ஒரே ஒருத்தன், அவனும் வெளிநாட்டுக்காரன்.

ஆவுடையப்பன் கையை எடுத்தான். சாவியைத் திருப்பி உருவி, அவள் உள்ளங்கையில் வைத்தான். வியாழக்கிழமை பத்து மணி வரைக்கும் அது தன்னிடம் இருந்தால் தன்னையே நம்ப முடியாது என்று அவனுக்குத் தோன்றியது.

அவள் சாவியை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தம்பியின் எண்ணை மறுபடியும் அழுத்தினாள்.